ஒரு தலையணைக்கு இரண்டு மிக்கோலாய்

கார்கிவ்
7 டிசம்பர் 2023

நேலியாவுக்கு,

மிரெண்டல் சாக்லேட் கம்பெனி ரஷ்யாவில் இருக்கும் தன் ஃபேக்டரிகளை மூடப்போவதில்லை. சொன்னது அவர்களுடைய செய்தித் தொடர்பாளரே. நேற்று மதியம் செய்தி நிறுவனங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் இருக்கிறது. "அங்குள்ள எங்கள் தொழிலாளர்களைக் கைவிட முடியாது" என்று காரணமும் கொடுத்திருக்கிறார்கள். நம் ஊர்த் தன்னார்வலர்கள் வெளியிடும் 'வாங்காதீர்கள்' பட்டியலில் அந்தப் பெயர் நேற்றே ஏறிவிட்டது.

எங்கள் பத்திரிகைக்கு அந்தச் செய்தியை எழுதியது நான்தான். எழுதிக் கொடுத்துவிட்டு, மாலையில் என் மகளை வீடியோவில் கூப்பிட்டேன். ஸோர்யானா இரண்டு கையாலும் ஒரு மஞ்சள் பையைத் தூக்கிக் காட்டினாள். பையின் மேல் மிரெண்டல் என்று கொட்டை எழுத்து. "தலையணைக்கடியில வச்சிருந்தாரும்மா, மிக்கோலாய்!" என்றாள்.

இப்போது என் கேள்விகள். நான் அனுப்பிய பார்சல் எங்கே? வேன் ஓட்டும் ஹ்னாத், உன் கையிலேயே கொடுத்ததாகச் சொல்கிறார். குழந்தைகளின் தலையணைக்கடியில் பரிசு வைக்கும் புனித மிக்கோலாய் நாளுக்கென்று நான் பார்த்துப் பார்த்து வாங்கியவை அதில் இருந்தன. நம் ஊர் ஃபேக்டரியின் 'பறவைப் பால்' இனிப்பு, எள்ளு ஹல்வா, ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை. அவளிடம் கேட்டேன், எதுவும் வரவில்லை என்றாள். என் பார்சலை எடுத்து வைத்துக்கொண்டு உன் கம்பெனிப் பையைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாய்.

நீ அந்தக் கம்பெனியின் போலந்து ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் வாய் திறக்கவில்லை. அப்போது அவர்கள் ரஷ்யாவிலிருந்து விலகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது விலகவில்லை என்பது உறுதி. அவர்கள் அங்கே கட்டும் வரி எங்கே போகிறது என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் அண்ணன் எந்தப் பதுங்குகுழியில் இருக்கிறானோ, அதன் எதிர்ப்பக்கம் போகிறது.

அழைப்பை முடிக்கும்போது குழந்தை சொன்னாள்: "நேலியா அத்தை கை எப்பவும் சாக்லேட் வாசனையா இருக்கும்மா. தூங்குறப்ப புடிச்சுக்குவேன்." இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதியதை அடித்துவிடாமல் அப்படியே விடுகிறேன்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இங்கே குண்டுவீச்சுக்குத் தப்ப, நிலத்தடி மெட்ரோ நிலையத்துக்குள் வகுப்புகள் நடக்கின்றன. அவளுக்கு இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைத்தால் ஜனவரியில் நானே வந்து அழைத்துப் போவேன்.

ஃபோனில் எழுதாததற்குக் காரணம், உன் ஃபோன் எப்போதும் அவள் கையில்தான் இருக்கிறது.

ஒரிஸ்யா


போஸ்னான்
11 டிசம்பர்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஃபேக்டரி உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன், பிறகு ஷிஃப்ட் மணி அடித்துவிட்டது, தலையில் வலைத்தொப்பி மாட்டிக்கொண்டு போய் ஹேசல் பருப்பில் ஓடு பொறுக்கினேன். நாள் முழுவதும் உங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பொறுக்கினேன். அவ்வளவு நன்றாகச் சொன்னேன், வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் பாதி காணோம்.

முதலில் பார்சல். அலமாரிக்கு மேலே, பெட்டிக்குப் பின்னால், பத்திரமாக இருக்கிறது. பிரிக்கவில்லை. பத்தொன்பதாம் தேதிக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த மஞ்சள் பை மிக்கோலாய் கொடுத்ததில்லை. அதாவது நம் மிக்கோலாய் இல்லை. போலந்துக்காரர்களுக்கு ஆறாம் தேதி மிக்கோலாய் நாள். தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு ஃபேக்டரியில் ஆளுக்கு ஒரு பை கொடுப்பார்கள். மேற்பார்வை பார்க்கும் தனுதா பட்டியலை வைத்துக்கொண்டு, "உனக்குக் குழந்தை இருக்கா இல்லையா? சட்டுனு சொல்லு, பின்னாடி ஆள் நிக்குது" என்றாள். இருக்கு என்றேன். அண்ணன் மகள் என்று சொல்ல எனக்கு போலிஷ் தெரியாமல் இல்லை, அண்ணி. தெரியும். சொல்லவில்லை. நீங்கள் கோபப்பட வேண்டுமானால் இதற்குப் படுங்கள், பார்சலுக்கு வேண்டாம்.

பத்தொன்பது யார் சொன்ன தேதி என்று நினைவிருக்கிறதா? எங்கள் வீட்டில் மிக்கோலாய் ஏது? கார்கிவில் எங்களுக்குப் புத்தாண்டும் அன்றைக்குப் பரிசு கொண்டுவரும் பனித் தாத்தாவும்தான். நீங்கள் மேற்கே தெர்னோபிலிலிருந்து எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வருஷம், என் தலையணைக்கடியில் ஒரு ஆரஞ்சும் மூன்று மிட்டாயும் இருந்தன. நான் காலேஜில் படிக்கிறவள், சிரித்தேன். உங்க மேற்கத்தி சாமிக்கு எங்க வீட்டு வழி எப்படித் தெரிஞ்சுது என்று கேட்டேன். நீங்கள் சொன்னீர்கள்: "தேடி வந்த சாமியைக் கிண்டல் பண்ணாதே. டிசம்பர் பத்தொன்பது. தேதியை மட்டும் மறந்துடாதே." மறக்கவில்லை. போர் தொடங்கி ஸோர்யானாவோடு ஓடி வந்த அந்த மார்ச் மாசம் எதை எதையோ விட்டுவிட்டு வந்தேன், அதை விடவில்லை.

கம்பெனி விஷயம் எனக்கும் தெரியும். எங்கள் லைனில் ரஷ்ய எழுத்துப் போட்ட உறை வருவதில்லை, அவர்களுக்கானதை அங்கேயே செய்கிறார்கள். இது சமாதானம் இல்லை, எனக்கே தெரியும். ஆனால் நீதிமன்றம் என்னை ஸோர்யானாவுக்குத் தற்காலிகப் பாதுகாவலர் ஆக்கியபோது முதலில் கேட்டது வேலைச் சான்று. குடியிருக்கும் அறையும் கம்பெனி விடுதிதான். வேலை போனால் இரண்டும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அழைப்பு வரும்போது என்ன நடக்கும் தெரியுமா? அவள் ஃபோனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் தேநீர்க் கோப்பையோடு வெளியே நிற்பேன். வாரம் முழுவதும் தலை வாருவது, பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போவது, காய்ச்சலுக்குத் துணி நனைப்பது எல்லாம் நான். அவள் கதவைச் சாத்துவதும் எனக்குத்தான். பின்னல் கொஞ்சம் கோணலானால், "அம்மா இப்படிப் போட மாட்டாங்க."

கார்கிவுக்குக் கூட்டிப்போவது பற்றி எழுதவே கை வரவில்லை. மெட்ரோவில் வகுப்பு நடக்கிறது, சரி. மெட்ரோவுக்கு எப்படி நடந்து போவாள்?

நேலியா


கார்கிவ்
14 டிசம்பர்

நேலியாவுக்கு,

மிக்கோலாய் இப்போது ஆறாம் தேதி. செப்டம்பரிலிருந்து நம் சபைகள் புதிய காலண்டருக்கு மாறிவிட்டன. மாஸ்கோவோடு ஒரே நாளில் கும்பிட வேண்டாம் என்றுதான் மாறியது. ஜனவரிக் கிறிஸ்துமஸ் டிசம்பர் இருபத்தைந்துக்கு வந்தது உனக்குத் தெரிந்திருக்கும். அதோடு மிக்கோலாயும் முன்னால் வந்துவிட்டார் என்பதை நீ யோசிக்கவில்லை. யோசிக்காததில் தப்பில்லை, உனக்குக் கற்றுக்கொடுத்த தேதியை நீ வைத்திருக்கிறாய். கற்றுக்கொடுத்தவள் மாற்றிக்கொண்டுவிட்டாள், சொல்லவில்லை.

பார்சல் பற்றிக் கேட்ட விதத்துக்கு வருந்துகிறேன். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை. நீ திருடியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் மேல் உள்ள மரியாதையில் தப்புச் செய்தாய் என்றால் நான் யாரிடம் கோபப்படுவது?

ஆனால் பை பற்றி வருந்தவில்லை. "இருக்கு" என்று நீ சொன்ன அந்த ஒரு சொல்லை நான் நாள் முழுவதும் சுமந்துகொண்டு அலைந்தேன். தனுதாவின் பட்டியலில் என் மகள் உன் மகள். அதற்கு அத்தாட்சியாக ஒரு மஞ்சள் பை. அதுவும் யார் பை.

நேற்று எங்கள் தெருக் கடைக்குப் போனேன். மிரெண்டல் இன்னும் அடுக்கில் இருக்கிறது. ஒரு கட்டியை எடுத்துத் திருப்பி, எங்கே செய்தது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர், "அம்மா, படிச்சு முடிச்சிட்டீங்கன்னா நகருங்க, சைரன் வந்துடும்" என்றார். கல்லாவில் இருந்த பெண், பழைய சரக்கு, தீர்ந்ததும் எடுக்கப்போவதில்லை என்றாள். ஒரு வாரமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று வரிசையில் ஒரு குரல். அவள் அசரவில்லை. "போருக்கு முன்னாடி என் பையன் இதைத்தான் கேட்பான். இப்ப கேட்கிற வயசு போயிடுச்சு, ராணுவத்துல இருக்கான். வித்தா திட்டுறீங்க, விக்காட்டி எங்கேன்னு கேட்கிறீங்க" என்றாள். நான் கட்டியை வைத்துவிட்டு உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

அலுவலகத்தில் விளையாட்டுப் பக்கம் பார்க்கும் ஹோர்தி என் செய்தியைப் படித்துவிட்டு, உங்க நாத்தனார் கிட்ட பேட்டி எடுத்திருக்கலாமே, செலவில்லாம முடிஞ்சிருக்கும் என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான் கேட்பது இதுதான். ஜனவரிக்கு முன்னால் அந்த வேலையை விடு. ஸோர்யானாவுக்குப் பதினோரு வயது. எதைத் தின்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் வயதுதான். ஞாயிற்றுக்கிழமை நானே அவளிடம் சொல்லப்போகிறேன்.

ஒரிஸ்யா


போஸ்னான்
20 டிசம்பர்

அண்ணி,

சொல்லிவிட்டீர்கள். அழைப்பு முடிந்ததும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். நான் வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தேன். தலையில் கை வைக்கப் போனேன், விலகினாள். "கை கழுவிட்டு வாங்க அத்தை" என்றாள்.

கழுவினேன். சோப்புப் போட்டு, எலுமிச்சைத் தோல் தேய்த்து, வினிகர் ஊற்றி. அது போகாது, நகத்துக்குள் இருக்கிறது. அன்று அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அண்ணி. நான் இதைக் கோபத்தில் எழுதவில்லை, இரண்டு நாள் ஆறவைத்துத்தான் எழுதுகிறேன். ஆறவில்லை.

பையில் மிச்சமிருந்த இனிப்பை என்ன செய்வது என்று அடுத்த நாள் பெரிய ஆலோசனை. பள்ளிக்கூடத்தில் யாருக்காவது கொடுத்துவிடு என்றேன். "நமக்குத் தப்புன்னா அவங்களுக்கும் தப்புதானே?" குப்பையில் போடு என்றேன். "குப்பை எடுக்க வர்றவர் எடுத்துச் சாப்பிட்டுட்டா?" அப்படியென்றால் நான் தின்கிறேன் என்றேன், சிரிக்கவைக்கலாம் என்று. அவள் சிரிக்கவில்லை. "நீங்க செஞ்சதையே நீங்க திங்கிறீங்களா?" என்றாள். கடைசியில் பையைக் கட்டி பால்கனியில் வைத்துவிட்டாள். பனி மூடிக் கிடக்கிறது. அதற்கு ஒரு தீர்ப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாதாம். உங்கள் மகள்தான், சந்தேகமே இல்லை.

புதிய காலண்டர் பற்றிப் படித்த பிறகும் உங்கள் பார்சலை நேற்றுத்தான், பத்தொன்பதாம் தேதிதான், தலையணைக்கடியில் வைத்தேன். உடனே எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சபை மாறினால் மாறட்டும், எனக்கு அந்தத் தேதியைக் கொடுத்தது சபை இல்லை. காலையில் பார்த்தாள். ஹல்வா உடைந்து தூளாகியிருந்தது. கையுறையை மாட்டிக்கொண்டே தூளை விரலில் தொட்டுத் தின்றாள், கையுறையெல்லாம் எள். பிறகு இனிப்புகளைப் பாதியாகப் பிரித்து ஒரு பங்கை என் பக்கம் தள்ளினாள். நானும் வாங்கி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டேன்.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். தனுதா தலையில் அடித்துக்கொண்டாள். "நீ போனா அந்தக் கம்பெனி அழுமா? உன் இடத்துல நாளைக்கே இன்னொருத்தி நிப்பா. அறையை யார் தருவா உனக்கு?" என்றாள். அவள் சொல்வது சரி. நீங்கள் சொல்வதும் சரி. இரண்டு பேரும் சரியாக இருக்கிறீர்கள், நான்தான் அறை தேடுகிறேன்.

வந்து கூட்டிப்போங்கள். அதற்கு முன்னால் ஒருமுறை அவளைக் கேளுங்கள்.

நேலியா


கார்கிவ்
28 டிசம்பர்

நேலியாவுக்கு,

இடம் கிடைத்துவிட்டது. மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து எழுத்தில் வந்தது. ஜனவரி இறுதியிலிருந்து, மெட்ரோ நிலைய வகுப்பில், ஆறாம் வகுப்பு. உறுதியான செய்தி இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான் யோசித்தவை.

மிரெண்டல் பற்றி நான் ஸோர்யானாவிடம் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகுதான் சொன்னேன். ஆனால் ஏன் அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன் என்று எந்தப் பத்திரிகை ஆசிரியராவது கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது. அவள் உன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்கு உண்மையான ஒரு செய்தி வசமாகக் கிடைத்தது. எலுமிச்சைத் தோல் பற்றிப் படித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அந்தக் கம்பெனி வேண்டாம் என்பதை நான் திரும்பப் பெறவில்லை. வேறு வேலை கிடைத்த பிறகு விடு என்று சொல்லியிருக்க வேண்டும். முடிந்தால் விலகல் கடிதத்தைத் தள்ளிப்போடு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறேன், எனக்கும் தெரிகிறது.

நேற்று உன் அண்ணன் ருஸ்லான் அழைத்தான். சத்தம் விட்டு விட்டுத்தான் கேட்டது. மனைவியிடம் பேசுகிறவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "நேலியா எப்படி இருக்கா? அவ எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்குவா, நீ கேட்டாத்தான் சொல்லுவா." நீ உள்ளே எதையும் வைத்துக்கொள்வதில்லை, நாலு பக்கத்துக்கு எழுதுகிறாய் என்று சொல்ல நினைத்தேன். நல்லா இருக்கா என்றேன். பிறகுதான் என்னைக் கேட்டான். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் நீதான் நினைவுக்கு வருகிறாய். இந்த வயதில் இதைக் கணக்கில் வைத்துக்கொண்டிருக்கிறேனே என்று சிரிப்பும் வந்தது.

மெட்ரோவுக்கு எப்படி நடந்து போவாள் என்று கேட்டிருந்தாய். வழி எனக்கு மனப்பாடம். பள்ளிக்கூடப் பேருந்து வாசலுக்கே வரும். அதையும் விசாரித்தேன். நேற்று அந்தத் தெருவில் குண்டு விழுந்த அதிர்வில் ஒரு வீட்டு ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. இதை நான் உனக்குச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பாதுகாவலர் பொறுப்பை முடிக்கச் சொல்லி உங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு மனு அனுப்பிவிட்டேன். கடிதத்தைக் கொடுக்கும்போது ஹ்னாத், நீங்க ரெண்டு பேரும் நேர்ல ஒருதரம் பேசித் தீர்த்துக்கிட்டா என் டீசல் மிச்சமாகும் என்றார். டீசலுக்குக் காசு வாங்கிக்கொண்டுதான் சொன்னார்.

ஒரிஸ்யா


போஸ்னான்
9 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணிக்கு,

விலகல் கடிதத்தைத் தள்ளிப்போடவில்லை. ஆனால் வேலை கிடைத்துவிட்டது. நம் நாட்டுப் பொல்தாவாக்காரி ஒருத்தி இங்கே வரேனிக்கி செய்து கடைகளுக்குப் போடுகிறாள். மாவு தேய்ப்பது, உருளைக்கிழங்கை உள்ளே வைத்து ஓரம் மடிப்பது. இனிமேல் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே விசாரித்தேன். மாவு எந்த ஊர், எண்ணெய் எந்த ஊர். மிளகு எங்கிருந்து என்று கேட்டதும் அவள், "நீ வேலைக்கு வந்தியா, விசாரணைக்கு வந்தியா?" என்றாள். அதோடு விட்டுவிட்டேன். அவள் வீட்டு மாடியில் ஒரு அறையும் கொடுத்திருக்கிறாள். சிறியது, கதவு சரியாகச் சாத்தாது. உங்கள் அழைப்பு வந்தால் இனி எனக்கும் கேட்கும்.

உங்கள் மனு பதிவாகிவிட்டது. நான் நேரில் போய்க் கேட்டேன். அழைத்துப்போவது போர் நடக்கும் ஊருக்கு என்பதால் தாய் கேட்டாலும் உடனே கையெழுத்துப் போட மாட்டார்களாம். இருபத்து நான்காம் தேதி காலையில் நீதிபதி ஸோர்யானாவைத் தனியாக அழைத்துப் பேசுவார். அறைக்குள் நீங்களும் இருக்க முடியாது, நானும் இருக்க முடியாது. ஒரு மனநல ஆலோசகரும் மொழிபெயர்ப்பாளரும் மட்டும். மொழிபெயர்ப்பாளர் எதுக்கு, எனக்கே போலிஷ் நல்லா வருமே என்று உங்கள் மகளுக்கு வருத்தம்.

அவளிடம் கேட்டேன். கேட்கக் கூடாதுதான், நீங்களும் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்துக் கேட்டேன். ஜட்ஜம்மா, நீ யார்கூட இருக்கணும்னு கேட்டா என்ன சொல்லுவே என்றேன். அவள் பாவாடையை இஸ்திரி போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "தண்ணி வேணும்னு சொல்லுவேன்."

அப்புறம் என்றேன்.

"எடுத்துட்டு வர்றதுக்குள்ள யோசிப்பேன்."

அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை, அண்ணி. உங்களுக்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது, உடனே எழுதிவிட்டேன், அதனால் அதுவும் போயிற்று.

இருபத்திரண்டாம் தேதி ஹ்னாத்தின் வேனில் உங்களுக்கு இடம் சொல்லியாயிற்று. நீங்கள் அவளோடு கட்டிலில் படுத்துக்கொள்ளுங்கள். நான் அடுப்பறையில் படுத்துக்கொள்கிறேன். முதல் நாள் மட்டும். இரண்டாம் நாள் பற்றி வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

தீர்ப்பை அன்றைக்கே சொல்ல மாட்டார்கள். குழந்தை சொன்னதையும் சேர்த்து எழுத்தில் வரும். பிப்ரவரி முதல் வாரத்துக்குள் தபாலில் அனுப்புவோம் என்றார் எழுத்தர். இரண்டு பேருக்கும் தனித்தனி உறை, ஒரே நாளில் அனுப்புவார்களாம். உங்களுக்கு எல்லை தாண்டி வர வேண்டும், எனக்கு நாலு தெரு. எனது முன்னால் வந்துவிடும். உங்களுடையது வந்து சேரும்வரை பிரிக்காமல் வைத்திருப்பேன் என்று சத்தியம் செய்யச் சொல்லாதீர்கள்.

நேலியா